மூன்றாவது பொட்டலத்து நூல்

பருத்தித்துறை
09.02.2025

உதயகலாவுக்கு,

ஏழு வருசத்துக்குப் பிறகு எழுதுகிறேன். சுகம் விசாரிக்க இல்லை. போனில் கதைத்தால் மூன்றாவது சொல்லிலேயே நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால் கடிதம்.

மகள் கோபிகாவுக்குத் தை மாதம் கல்யாண எழுத்து முடிந்தது. மாப்பிள்ளை நல்ல பெடியன். இரண்டு பேரையும் ஹோலில் அப்பாவின் கம்பளத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தோம். என் மகள் அதைப் பேஸ்புக்கில் போட்டுத் தொலைத்தாள். அடுத்த ஞாயிறு டினேஸ் வாசலில் நிற்கிறான். எங்கள் மதிலுக்கு அப்பால் மேற்கு வளவு அருளம்பலம் எண்பத்தேழில் ஷெல் பட்டுச் செத்தாரே, அவருடைய மகன். இப்போது தாய் பத்மாசினியோடு உடுப்பிட்டியில் இருக்கிறான். கையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். தவழ்கிற வயசில் அவனை ஒரு கம்பளத்தில் இருத்தி எடுத்தது.

"உது எங்கடை கம்பளம். என்ரை பூட்டன் மலாயாவிலை ஒரு காபூல்காரனிட்டை வாங்கினது. எங்கடை அப்பா செத்த கிழமை காணாமல் போனது. உங்கடை அப்பா கள்ளன்" என்றான்.

அந்தச் சொல்லுக்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. விறாந்தையில் சாத்தியிருந்த துடுப்பை எடுத்து அடித்தேன். காறை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பொய் சொல்லமாட்டேன், சந்தோசமாகத்தான் இருந்தது. இரண்டாம் அடி தலைக்கு. கோபிகா குறுக்கே விழுந்தபடியால் அது தூணில் பட்டது.

அடித்த வழக்கு கோட்டில் இருக்கிறது. கம்பளப் பிரச்சினையை இணக்கசபைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே தலைவர் சோமசேகரம் மாஸ்டர். அவர் ஒரு தீர்ப்புக் கண்டுபிடித்தார். அப்பா தொண்ணூறில் கப்பல் வேலையால் வந்து இறங்கி, ட்றங்குப் பெட்டியைத் திறந்து, "தறியிலையிருந்து வெட்டி இறக்கினதை என்ரை கண்ணாலை கண்டு வாங்கினனான்" என்று சொன்னது உனக்கும் ஞாபகம் இருக்கும். ஆகவே கம்பளம் அந்தக் காலத்துப் புதுசென்றால் டினேஸ் சபையில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகவேண்டும். நூறு வருசப் பழசென்றால் கம்பளம் அவனுக்கு. வயசு யார் சொல்வது என்று கேட்க, உன் பெயரைச் சொன்னவனே டினேஸ்தான். "அவ ஜேர்மனியிலை கம்பளப் பட்டறையிலை இருக்கிறா. அண்ணனும் தங்கச்சியும் முகம் பார்க்கிறேல்லை. அவ பொய் சொல்லமாட்டா" என்றானாம். நான் உடனே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன்.

படங்கள் வைத்திருக்கிறேன். 1988, 89 அளவில் நெய்தது என்று ஒரு வரி எழுதி அனுப்பு. அப்பாவின் பெயர் அந்த ஒரு வரியில் இருக்கிறது. டினேஸ் வென்றால் நான் அவனை உயிரோடு விடமாட்டேன். இதை மிரட்டல் என்று எடுக்காதே, என்னை உனக்குத் தெரியும்.

பிரகலாதன்


ஹம்பேர்க்
26.02.2025

அண்ணைக்கு,

உங்களைத் தெரியும். இடது காதுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். குளிர் கூடினால் இப்போதும் இரைகிறது.

அம்மா செத்து எட்டாம் நாள், எட்டுச்செலவு அன்று நான் என்ன கேட்டேன்? சனம் போனபிறகு அந்தக் கம்பளத்தின் மூலையைப் புரட்டிப் பார்க்கக் குனிந்தேன். பதினைந்து வருசமாகக் கம்பளம் திருத்தித்தான் சாப்பிடுகிறேன், எங்கள் வீட்டில் கிடப்பது எது என்று பார்க்க ஆசை. மூலையைத் தொட்டதும் அறைந்தீர்கள். விழுந்த பிறகு உதைத்தீர்கள். கம்பளத்தை நான் கொண்டுபோக வந்தேன் என்று ஊருக்குச் சொன்னீர்கள். இன்று அதே கம்பளத்தைப் பார்த்துச் சொல்லும்படி கடிதம் வருகிறது.

பார்க்கிறேன். உங்களுக்காக இல்லை. எழுதப்போகும் வரியை நீங்கள் முதலே எழுதித் தரவும் வேண்டாம்.

படத்தில் குலம் தெரிகிறது. சிவப்புத் தரையில் எண்கோணப் பூக்கள், நாலு கூறாகப் பிரித்தவை. ஒவ்வொரு பூவின் நடுவாலும் மெல்லிய நீலக்கோடு போய் அடுத்த பூவோடு சேர்கிறது. துருக்மேனியரில் தெக்கே குலத்துப் பெண்கள்தான் இப்படிக் கோடு ஓட்டுவார்கள். பக்கத்து யோமுத் குலத்தில் பூக்கள் தனித்தனியே நிற்கும். ஆனால் இந்தப் பூவை அவர்கள் இருநூறு வருசமாகவும் நெய்தார்கள், கப்பல்காரர்களுக்கு விற்கப் போன கிழமையும் நெய்தார்கள். வயசு பூவில் இல்லை, நூலில் இருக்கிறது.

ஆகவே பின்பக்கத்தை அடிமட்டம் வைத்துப் படம் எடுங்கள். வெள்ளைத் துணியை நனைத்துச் சிவப்பில் அழுத்தித் தேய்த்து, துணியில் நிறம் ஏறுகிறதா என்று பாருங்கள். பிறகு நூல் வேண்டும். மயிரை விரலால் விரித்து, அடியிலிருந்து நுனிவரை முழுசாக வெட்டவேண்டும். ஒன்று விளிம்பில். ஒன்று ஊதாவோ இளஞ்சிவப்போ இருக்கிற இடத்தில். ஒன்று எங்கே நிறம் மற்ற இடத்தைப் போல இல்லையோ அங்கே, அதில் பாவு நூலிலும் ஒரு துண்டு. மூன்றையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து இலக்கம் போடுங்கள். நீங்கள் வெட்டவேண்டாம், நீங்கள் மீன் வெட்டுகிற மாதிரி வெட்டுவீர்கள். கோபிகாவிடம் கொடுங்கள்.

டினேசின் எலும்பு பொருந்திவிட்டதா? அதை எழுத உங்களுக்குத் தோன்றவில்லை.

உதயகலா


பருத்தித்துறை
16.03.2025

உதயகலா,

எழுத்துக் கோணலாக இருக்கும். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் பதினாலு தையல்.

செவ்வாய் பின்னேரம் ஐந்து மணி. நல்ல வெளிச்சம், சனம் ரோட்டில் நிற்குது. நாலு மோட்டார் சைக்கிள், எட்டுப் பேர், முகத்தில் துணி. கேற்றை உதைத்துக்கொண்டு வந்தார்கள். யன்னல் ஒன்றும் மிச்சமில்லை. போட் எஞ்சினைக் கோடாலியால் கொத்தினார்கள். ஒருத்தன் வாளோடு ஹோலுக்குள் ஏறினான். நான் கையை உயர்த்தினேன், அவன் வெட்டினான். எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அப்படியே அவனைப் பிடித்துத் தூணில் மூன்று தரம் மோதினேன். மூக்கு உடைந்து அவன் இரத்தம் என் வாய்க்குள் போனது. கோபிகா அலறிய அலறலில்தான் கையை எடுத்தேன். மற்றவர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

டினேஸ் தான் அனுப்பவில்லை என்கிறான். அவன் சிநேகிதர்கள் தாங்களாகவே வந்தார்களாம். நல்ல சிநேகிதர்கள். அவனுடைய எலும்பைக் கேட்டாய், இன்னும் கையைத் துணித் தொட்டிலில் கழுத்தில் கட்டிக்கொண்டுதான் திரிகிறான். கழற்றட்டும், மற்றப் பக்கத்தையும் முறிக்கிறேன். என் ஆட்களும் இருக்கிறார்கள். தடுத்து வைத்திருப்பது உன்னுடைய அந்த ஒரு வரிக்காகத்தான்.

மாப்பிள்ளை வீட்டார் ஒருமுறை வந்து பார்த்தார்கள். தேத்தண்ணி குடிக்கவில்லை. கல்யாணம் ஆவணி இருபதாம் திகதி என்று மட்டும் ஞாபகப்படுத்திவிட்டுப் போனார்கள்.

நூல் மூன்று பொட்டலம் இதற்குள் இருக்கிறது. நான் ஆஸ்பத்திரியில் கிடக்க, கோபிகா நீ எழுதியதை வாசித்துத் தானே வெட்டி ஒட்டி வைத்துவிட்டாள். துணியில் நிறம் ஏறவில்லையாம். பின்பக்கப் படமும் இருக்கிறது. சபை ஆறாம் மாதத்துக்குப் பிறகுதான் கூடும். சுணங்காதே.

பிரகலாதன்


ஹம்பேர்க்
04.04.2025

அண்ணை,

கை எப்படி? காய்ச்சல் வந்தால் உடனே காட்டுங்கள். வாள் வெட்டில் துரு இருந்திருக்கும்.

இனி நீங்கள் கேட்ட வரி. இந்தக் கம்பளம் ஏறக்குறைய 1880க்கும் 1900க்கும் இடையில் நெய்தது.

கோபத்தில் கிழிக்காமல் காரணத்தையும் வாசியுங்கள். இரண்டாம் பொட்டலத்து ஊதா நூல் அடியில் கத்தரிப்பூ நிறம், நுனியில் சாம்பல். இது ஐரோப்பாவில் செய்து அந்தப் பக்கத்துக்குப் போன முதற் சாயங்களில் ஒன்று. கடையில் பளபளக்கும், வீட்டில் வெளிச்சம் தின்றுவிடும். ஏமாந்த பெண்கள் கொஞ்சக் காலத்தில் கைவிட்டார்கள். அதற்கு முந்திய கம்பளத்திலும் இது இல்லை, பிந்தியதிலும் இல்லை. சிவப்பு வேரில் காய்ச்சிய சிவப்பு, அதனால்தான் துணியில் ஏறவில்லை. பாவு நூல் கையால் நூற்றது, இடத்துக்கிடம் தடிப்பு மாறுகிறது. எண்பத்தெட்டில் தறியிலிருந்து இறக்கியிருந்தால் மெஷின் நூல் இருக்கும். எங்கள் முதலாளியும் பார்த்தார். அவர் நான் சொல்வதைவிட ஐந்து வருசம் பழசு என்கிறார்.

அதனால் அப்பா கள்ளன் என்று ஆகாது. பழைய கம்பளமும் கடையில் விற்கிறார்கள். ஆனால் தறியிலிருந்து வெட்டியதைக் கண்டேன் என்று அப்பா சொன்னது நடக்கவில்லை.

இதோடு நிறுத்தியிருப்பேன். மூன்றாவது பொட்டலம் விடவில்லை. கோபிகா சரியான இடத்தில்தான் வெட்டியிருக்கிறாள். சிவப்பு மயிரின் அடி மஞ்சள். சாயமிட்ட மஞ்சள் என்றால் அந்த முடிச்சில் மட்டும் இருக்கவேண்டும். இது பாவு நூலிலும் ஏறியிருக்கிறது. நெய்து முடிந்த பிறகு மேலிருந்து ஊற்றியது. புறஊதாக்கதிர் விளக்குக்குக் கீழே வைத்தால் எலுமிச்சை நிறத்தில் எரிகிறது. முதலாளி நாலு புத்தகம் புரட்டினார், அவருக்குப் பிடிபடவில்லை. நான் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு துண்டில் சுண்ணாம்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டேன். ஆலாத்தித் தட்டு மாதிரிச் சிவந்தது.

எங்கள் சனத்தைத் தவிர உலகத்தில் யார் கம்பளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள் அண்ணை? துடக்கு, தீட்டுக் கழிக்க ஊற்றினார்கள். அதையும் கொதிக்கக் கொதிக்க ஊற்றியிருக்கிறார்கள். மஞ்சளுக்கு அடியில் முடிச்சோடு முடிச்சாகக் கறுத்த பொருக்கு இருக்கிறது. பச்சைத் தண்ணீர் என்றால் இரத்தம் போயிருக்கும், சுடுதண்ணீரில் அது நூலோடு ஒட்டிப்போகும். பட்டறையில் முதல் கிழமை சொல்லித்தந்த பாடம் அது.

எனக்கு ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. ஷெல்லடிக்குக் கோயிலில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்த முதல் நாள், எனக்குப் பன்னிரண்டு வயசு. கிணற்றடியில் அம்மா அண்டாவில் தண்ணீர் கொதிக்கவைத்து மஞ்சள் இடித்துக் கரைக்கிறா. காலடியில் சிவப்பாக ஏதோ விரித்திருக்கிறது. கிட்டப் போன என்னை விளக்குமாற்றால் முதுகு பிய்ய அடித்தா. "ஆடு செத்ததடி, போ உள்ளுக்கை" என்றா. எங்களிடம் ஆடு இருக்கவில்லை.

அது எண்பத்தேழு. ட்றங்குப் பெட்டி திறந்தது தொண்ணூறு. அது யாருடைய இரத்தம்?

உதயகலா


பருத்தித்துறை
20.04.2025

எடி,

உன்னை வயசு கேட்டால் நீ வயசை மட்டும் சொல்லு. மஞ்சளாம், சுண்ணாம்பாம். வெள்ளைக்காரனுக்கு ஊத்தைக் காப்பெற் கழுவுறவளுக்கு என்ன பெரிய விசாரணை? அம்மா வருசப் பிறப்புக்கு மஞ்சள் தண்ணி தெளிச்சிருப்பா. பொம்பிளையள் இருந்த வீடு, ரத்தம் படாமல் இருக்குமோ? செத்த தாயைப் பற்றிக் கதைக்க வெக்கமில்லையோ உனக்கு?

மாஸ்டருக்கு நீ ஏதும் எழுதினாய் எண்டு கேள்விப்பட்டனெண்டால், ஹம்பேர்க்கிலையும் என்ரை சிநேகிதன்மார் இருக்கிறாங்கள். மற்றக் காதும் போகும். விளையாட்டுக்குச் சொல்லேல்லை.

கம்பளத்தைக் கொல்லைக்குள்ளை எடுத்துப் போட்டிட்டன். மண்ணெண்ணெய் வாங்கி வைச்சிருக்கிறன். எரிஞ்சு போன கம்பளத்துக்கு வயசும் இல்லை, மயிரும் இல்லை. உவன் டினேஸ் சாம்பலை வந்து அள்ளட்டும்.

பி.


ஹம்பேர்க்
06.05.2025

அண்ணைக்கு,

எரியுங்கள். நூல் என்னிடம் இருக்கிறது. மூன்று பொட்டலத்தையும் பட்டறைப் பெட்டகத்தில் வைத்துவிட்டேன். முதலாளிக்கு முழுக்கதையும் சொல்லியிருக்கிறேன். உங்கள் சிநேகிதர்கள் வந்தால் அவரையும் சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள். எழுபத்தாறு வயசு, சுலபம்.

உங்கள் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் தெரியுமா? பயந்துதான் வாசித்தேன், மறைக்கவில்லை. கதவுக்கு இரண்டாம் பூட்டுப் போட்டுவிட்டேன். ஆனால் நாலாம் தரம் வாசிக்கத்தான் பிடிபட்டது. "அது யாருடைய இரத்தம்" என்ற கேள்விக்கு நீங்கள் கோபப்படுகிறீர்கள், திகைக்கவில்லை. ஒன்றும் தெரியாதவன் என்றால் முதலில் கம்பளத்தை விரித்துப் பார்த்திருப்பான்.

ஏழு வருசமாக நான் நினைத்தது கம்பளத்தின் மேல் உங்களுக்கு ஆசை என்று. எட்டுச்செலவு அன்று நான் தொட்ட மூலையை இப்போது யோசிக்கிறேன். இன்னும் இரண்டு முழம் புரட்டியிருந்தால் அந்த மஞ்சள் என் கண்ணில் பட்டிருக்கும். அதற்காகத்தானே அடித்தீர்கள்?

அருளம்பலம் மாமா வீட்டுக் கம்பளம். அவர் செத்த கிழமை எங்கள் கிணற்றடியில் அது இரத்தத்தோடு கிடந்தது. ஷெல் பட்ட மனிதர் வீதி மதிலடியில் கிடந்தார் என்றுதான் ஊர் சொன்னது. மதிலடியில் கிடந்தவரின் இரத்தம் வீட்டுக்குள் விரித்த கம்பளத்துக்கு எப்படி வந்தது?

அப்பாவா? அப்பா என்றால் சொல்லிவிடுங்கள், அவர் போய்விட்டார். எனக்குப் பன்னிரண்டு, உங்களுக்குப் பத்தொன்பது. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மாஸ்டருக்கு இரண்டு தாள் எழுதினேன். முதல் தாளில் வயசு மட்டும். அதைத் தபாலில் போட்டுவிட்டேன். மஞ்சளும் இரத்தமும் எழுதிய இரண்டாம் தாள் மேசையில் இருக்கிறது. கோபிகாவின் முகத்தை நினைத்தால் கை வரமாட்டேன் என்கிறது. பத்மாசினி மாமியை நினைத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

உதயகலா


பருத்தித்துறை
25.05.2025

தங்கச்சி,

எரிக்கவில்லை. ஊற்றிவிட்டு நெருப்புப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அன்றும் அப்பா எரிக்கத்தான் யோசித்தார். கம்பளி எரிந்தால் பிணம் எரிகிற மணம் வரும், சனம் கோயிலிலிருந்து திரும்புகிற நேரம் என்று அம்மா தடுத்தா. அதை நினைத்ததும் நெருப்புப் பெட்டியை மடிக்குள் செருகிவிட்டேன்.

அப்பா இல்லை. நான்.

எல்லாரும் கோயிலில் இருந்தோம். செய்தி கேட்க ரேடியோவுக்குப் பற்றறி இல்லை. மேற்கு வளவிலும் ஆட்கள் இல்லை, அவர்கள் ஹோலில் பெரிய ரேடியோ இருக்கிறது, இரண்டு பற்றறி கழற்றலாம் என்று மதிலால் பாய்ந்தேன். அருளம்பலம் மாமா பெண்சாதி பிள்ளையைக் கோயிலில் விட்டுவிட்டு வீட்டுக்குக் காவலாக இருந்திருக்கிறார். ரேடியோவின் மூடியைக் கழற்றிக்கொண்டிருக்கப் பின்னால் வந்து தலைமயிரைப் பிடித்தார். பெல்ட்டால் அடித்தார். அதைத் தாங்கியிருப்பேன். "வாடா கள்ளா, கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சனத்துக்குக் காட்டுறன்" என்று இழுத்தார். கதவு மூலையில் உலக்கை இருந்தது. எப்படிக் கைக்கு வந்தது என்று தெரியாது. தலையில் ஒரே அடி. கம்பளத்தில் விழுந்தார். உடனே போய்விட்டார், தங்கச்சி. அந்த ஒன்றையாவது கடவுள் தந்தார், கஷ்டப்படவில்லை.

நான் ஓடிப்போய் அப்பாவைக் கூட்டிவந்தேன். அப்பா என்னை அடிக்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேருமாக அவரைக் கம்பளத்தில் சுற்றித் தூக்கி, ஷெல் விழுந்து உடைந்த மதிலடியில் கிடத்தினோம். கம்பளத்தை விட்டுவிட்டு வரமுடியாது, வீட்டுக்குள் நடந்தது என்று அது சொல்லிவிடும். காலையில் கண்ட சனம் ஷெல் என்றது. காயத்தை ஒருத்தரும் உற்றுப் பார்க்கவில்லை. அந்தக் கிழமை பார்ப்பதற்கு எவ்வளவோ கிடந்தது.

மூன்று வருசம் கம்பளம் பரணில் இருந்தது. பத்மாசினி மாமி உடுப்பிட்டிக்குப் போன பிறகுதான் அப்பா அந்தக் கப்பல் கதையைக் கட்டினார். பரணில் சுருட்டிக் கிடந்தால் ஒரு நாளைக்கு யாராவது ஏன் என்று கேட்பார்கள், ஹோலில் விரித்தால் ஒருத்தரும் கேட்கமாட்டார்கள் என்றார். முப்பத்தைந்து வருசம் நான் அதைச் சுற்றித்தான் நடந்திருக்கிறேன். ஒரு நாளும் மிதித்ததில்லை. கவனித்திருக்கிறாயா?

டினேஸ் "கள்ளன்" என்று சொன்னபோது துடுப்பை எடுத்தது அப்பாவுக்காக இல்லை. அந்தச் சொல்லை நான் முன்னமும் ஒருதரம் கேட்டிருக்கிறேன்.

கேட்பது இதுதான். ஆவணி இருபது வரைக்கும் பொறு. கோபிகா கழுத்தில் தாலி ஏறட்டும். கம்பளத்தை அவனிடமே கொடுத்துவிடுகிறேன், அப்பா கள்ளன் என்று சபையில் ஒத்துக்கொள்கிறேன். இரண்டாம் தாளைக் கிழித்துவிடு. காலில் விழுகிறேன்.

அண்ணை


ஹம்பேர்க்
09.06.2025

அண்ணை,

மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. உங்கள் கடிதத்தையும் இரண்டாம் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

அப்பாவைக் கள்ளன் ஆக்கி நீங்கள் தப்புவதா? உங்களுக்காக அந்த மனிதன் முப்பது வருசம் பொய் சுமந்தார், செத்த பிறகும் சுமக்கவேண்டுமா? அதை வாசித்தபோதுதான் எனக்கு ஆத்திரம் வந்தது. உலக்கையை வாசித்தபோது அழுகைதான் வந்தது.

இரண்டாம் தாளை இன்று பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். சபை கூடும் நாளில், இரண்டு பகுதியும் இருக்கும்போது மட்டும் உறையைத் திறக்கவேண்டும் என்று மாஸ்டருக்கு மேலே எழுதியிருக்கிறேன். சபை ஏழாம் மாதம் ஆறாம் திகதி ஞாயிறு. அதற்கு முதல் நீங்கள் உடுப்பிட்டிக்குப் போங்கள். மாமி அதை ஒரு கடதாசியில் கேட்கக்கூடாது. நீங்கள் சொல்லிக் கேட்கவேண்டும்.

கோபிகாவுக்கு நான் இருக்கிறேன். அவளுக்கு இதை முதலில் சொல்லுங்கள். நூலை வெட்டியது அவளுடைய கை.

உங்கள் தங்கச்சி


பருத்தித்துறை, ஆஸ்பத்திரி
03.07.2025

தங்கச்சி,

கட்டிலுக்குப் பக்கத்தில் பொலிஸ்காரன் இருக்கிறான். பேனை அவன் தந்தது. தாடை முறிந்து கம்பி கட்டியிருக்கிறது, கதைக்க ஏலாது, ஆனால் எழுதலாம். விலாவில் மூன்று எலும்பு. இடது கண் இனித் தெரியாது என்கிறார்கள்.

கோபிகாவுக்குச் சொன்னேன். அவள் அழவில்லை. "கம்பளத்தை நானும் பிடிக்கிறன்" என்று ஒரு பக்கத்தைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தானே போன் பண்ணிச் சொன்னாள். அவர்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை உடுப்பிட்டிக்குப் போனேன். மாமி முற்றத்தில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தா. கம்பளத்தை அவவுக்கு முன்னால் விரித்தேன். மண்ணெண்ணெய் மணம் இன்னும் போகவில்லை. விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஓம், உதுதான்" என்று சிரித்தா. அந்தச் சிரிப்புக்கு முன்னால் நின்று சொன்னேன். பற்றறி, பெல்ட், உலக்கை, மதில், எல்லாம். டினேஸ் எப்போது பின்னால் வந்து நின்றான் என்று தெரியாது.

பொல்லால் முதல் அடி முதுகில். அடுத்தது வாயில். பல் தெறித்துக் கம்பளத்தில் விழுந்தது. ஒரு கையால்தான் அடித்தான், மற்றக் கையை நான் முறித்தேனே. நான் கையை உயர்த்தவில்லை. என்னை உனக்குத் தெரியும், அடிக்கிறவனுக்கு முன்னால் நான் சும்மா நின்றது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். விழுந்த பிறகும் அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் "அப்பா, அப்பா" என்று அழுதுகொண்டு அடித்தான். நாற்பது வயசு ஆம்பிளை, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். கண் உடைந்தது எப்போது என்று எனக்குத் தெரியாது. தலையை எடுத்துவிடுவான் என்று நினைத்தேன், எடுக்கட்டும் என்றும் நினைத்தேன்.

மாமிதான் "நில்லடா" என்றா. "நான் ஒண்டு கேக்கவேணும்."

அவன் நிறுத்தினான். மாமி எனக்குப் பக்கத்தில் குந்தினா.

"பிரகலாதன், கடைசியிலை அவர் ஏதும் சொன்னவரோ?"

தங்கச்சி, நான் உனக்கு எழுதியது பொய். மாமிக்கும் அதையே சொல்லத்தான் வாயைத் திறந்தேன், உடனே போய்விட்டார் என்று. அவவின் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. வாய் முழுக்க இரத்தம். பொய் வரவில்லை.

"தண்ணி எண்டவர் மாமி. ரெண்டு தரம் கேட்டவர். செம்பு பக்கத்திலைதான் இருந்தது. நான் குடுக்கேல்லை. பயத்திலை மதிலாலை பாய்ஞ்சிட்டன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வர ஒரு மணித்தியாலத்துக்கு மேலை போயிட்டுது. அப்பதான் மூச்சு அடங்கியிருந்தது, உடம்பிலை சூடு இருந்தது."

மாமி எழும்பி உள்ளுக்குப் போனா. கத்தி எடுக்கப் போகிறா என்று நினைத்தேன். டினேசும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும், வழி விட்டு நின்றான். ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் முகத்துக்கு முன்னால் வைத்தா.

"குடி" என்றா.

எனக்குத் தொண்டை எரிந்தது. அவ்வளவு தாகம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. கையை நீட்டினேன், செம்பைத் தொட்டேன், தூக்க முடியவில்லை. மாமி அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றா. "குடியடா" என்று திரும்பவும் சொன்னா. அயல்சனம் பொலிசுக்கு அறிவித்திருந்தது. பொலிஸ் வந்து என்னை ஜீப்பில் தூக்கிப் போடும்போதும் செம்பில் தண்ணீர் நிரம்பத்தான் இருந்தது, மாமியும் பக்கத்தில்தான் நின்றா.

பிரகலாதன்